கென்யாவில் ஆறு இரவுகள், ஐந்து பூங்காக்கள்: சரிவருமா?

வைகைக்கரை, மதுரை:

வணக்கம். வரும் ஆகஸ்ட்டில் குடும்பத்தோடு கென்யா போகலாம் என்றிருக்கிறோம். நான், மனைவி, 11 வயது மகன், 67 வயது அம்மா. அம்மா நன்றாக நடப்பார். ஆனால் முதுகுவலி உண்டு. நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. இருந்தாலும் இந்தப் பயணத்தை முதலில் கேட்டது அவர்தான். முதுமலையில் யானை பார்க்கப் போய்ப் புள்ளிமானை மட்டும் பார்த்துத் திரும்பியதிலிருந்து, "யானையைக் கூட்டங்கூட்டமா, அதோட இடத்துல வச்சுப் பாக்கணும்" என்கிறார். மகனுக்கு வேண்டியது ஒன்றுதான்: மாரா ஆற்றை வில்டபீஸ்ட் என்ற மாடு போன்ற மான்களின் கூட்டம் கடப்பதைப் பார்க்க வேண்டும்.

ஏஜென்ட் கொடுத்த திட்டம் இது: நைரோபி 1 இரவு, அம்போசெலி 1, நைவாஷா 1, நகுரு 1, மசாய் மாரா 2. நைரோபிப் பூங்காவையும் நைவாஷா பக்கத்து ஹெல்ஸ் கேட்டையும் சேர்த்தால் ஐந்து பூங்கா. கூரை திறக்கும் மினி வேன், சைவச் சாப்பாடு, டிக்கெட் எல்லாம் அடக்கம். நாங்கள் இன்னொரு முறை போவோமா என்பது சந்தேகம். அதனால்தான் நிறைய இடம் வேண்டும் என்று நானே கேட்டேன். போய் வந்தவர்கள், அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

நைரோபிக்காரன்:

அங்கேதான் வேலை, பல வருடமாக. வைகைக்கரை, உங்கள் திட்டத்தைச் சாலை நேரமாக மாற்றிப் பாருங்கள்.

நைரோபியிலிருந்து எமாலி வழியாக அம்போசெலி நாலரை மணி நேரம். அம்போசெலியிலிருந்து நைவாஷா போக மறுபடி நைரோபி நெரிசலைத் தாண்ட வேண்டும், ஆறு ஏழு மணி நேரம். நைவாஷா நகுரு பக்கம்தான், ஒன்றரை மணி. நகுருவிலிருந்து மாரா ஐந்தரை. மாராவிலிருந்து நைரோபி ஐந்தரை. கூட்டினால் ஏறத்தாழ 24 மணி நேரம் நெடுஞ்சாலையிலேயே போகிறது. இது லாரிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும். பூங்காவுக்குள் சுற்றும் குலுக்கல் தனி. அம்மாவின் முதுகை நினைத்தால் எனக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை.

இதைவிடப் பெரிய இழப்பு வேறு. விலங்குகள் நன்றாகத் தெரிவது விடிந்து முதல் மூன்று மணி நேரமும், மாலை நாலு மணிக்கு மேலும். இடம் மாறும் நாளில் காலையை மூட்டை கட்டவும் சாலைக்கும் கொடுத்துவிடுவீர்கள். ஒரே இரவு தங்கும் பூங்காவில் ஒரு மாலையும் ஒரு அரைக் காலையும்தான் கையில் நிற்கும்.

அம்போசெலியையே எடுத்துக்கொள்ளுங்கள். 392 சதுர கிலோமீட்டர்தான், சின்னப் பூங்கா. அதைச் சுற்றிய நிலத்தையும் சேர்த்தால் 1,500-க்கு மேல் யானைகள். இரவில் பல கூட்டங்கள் பூங்காவுக்கு வெளியே புதர்க்காட்டில் இருக்கும். காலையில் வரிசையாகச் சதுப்பு நிலத்துக்குள் வரும், சாயங்காலம் திரும்பிப் போகும். அந்தச் சதுப்புக்குத் தண்ணீர் கிளிமஞ்சாரோ பக்கத்திலிருந்து நிலத்தடியில் ஊறி வருகிறது. மழையே இல்லாத ஆகஸ்ட்டிலும் இடுப்பளவு பச்சைக்குள் யானைகள் நின்று மேய்வது அதனால்தான். 5,895 மீட்டர் மலை தெரிவது பெரும்பாலும் விடியலில். வெயில் ஏறினால் மேகம் மூடிவிடும். மதியம் போய்ச் சேர்ந்து மறுநாள் காலை கிளம்பினால், யானைகள் வருவதையும் பார்க்க முடியாது, போவதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. உங்கள் அம்மா கேட்ட காட்சி உலகத்தில் மிக நன்றாகக் கிடைக்கும் இடம் அது. அங்கே ஒரே இரவு என்று போட்டிருக்கிறார்கள்.

என் கருத்து: இரண்டு இடம் போதும். அம்போசெலியும் மாராவும். மீதியை விட்டுவிடுங்கள்.

தேன்சிட்டு, கோவை:

நகுருவை எதுக்குப் போட்டிருக்காங்கன்னு கேட்டீங்களாங்க? பூநாரைக்குன்னு சொல்லியிருந்தா, அது பழைய படத்தை வச்சுச் சொல்றது. 2010-க்கு அப்புறம் நகுரு, நைவாஷா மாதிரி பிளவுப் பள்ளத்தாக்கு (ரிஃப்ட் வேலி) ஏரிகள்ல தண்ணி ஏறிக்கிட்டே வந்துச்சு. நகுருவுல கரையோரக் காடு மூழ்கி, பழைய நுழைவாயிலே தண்ணிக்குள்ள போயிருச்சு. உப்புச் செறிவு குறைஞ்சதால சின்னப் பூநாரைகள் சாப்பிடற நீலப்பச்சைப் பாசி குறைஞ்சு போச்சு. பறவைங்க பொகோரியா மாதிரி வேற ஏரிகளுக்குப் போயிருச்சு. சில சமயம் கொஞ்சம் திரும்ப வரும், ஆனா ஏரிக்கரையே இளஞ்சிவப்பா இருக்கற காட்சியை எதிர்பார்த்துப் போகாதீங்க.

காண்டாமிருகம் பார்க்கணும்னா நகுரு நல்ல இடம். கறுப்பு, வெள்ளை ரெண்டும் இருக்கு. ரோத்ஸ்சைல்டு ஒட்டகச்சிவிங்கியும் இருக்கு. அதுக்குப் போனா சரி.

நான் பறவைக்காகப் போறவ. கென்யாவுல 1,100-க்கு மேல பறவை இனங்க இருக்கு. நைரோபிக்காரன் சொன்ன மாதிரி ஒரே இடத்துல தங்கினாத்தான் இதெல்லாம் கண்ணுல படும். ஊதா மார்புப் பனங்காடை, பாம்பைக் காலால மிதிச்சுக் கொல்ற செக்ரட்டரி பறவை, அம்போசெலி சதுப்புல சாம்பல் கொண்டை நாரைகள். பையனுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் குடுங்க, 8x42 போதும். ஒரு வண்டியில நாலு பேருக்கு ஒண்ணுன்னு இருந்தா யாருக்கும் சரியா கிடைக்காது. ஆளுக்கொண்ணு இருந்தா நல்லது, குறைஞ்சது ரெண்டு.

கடலோடி:

நான் மறுத்துப் பேசுகிறேன். நாங்கள் சென்னையிலிருந்து எட்டுப் பேர், கிட்டத்தட்ட இதே திட்டத்தில் போய் வந்தோம். சாலை நேரம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சாலையும் கென்யாதான். பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தது, நாரோக் சந்தையில் சிவப்புப் போர்வையோடு ஆடு விற்க நின்றவர்கள், வழிக்கடையில் சப்பாத்தியும் பீன்ஸும். ஹெல்ஸ் கேட்டில் என் மகள் வரிக்குதிரைகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டினாள். வண்டியை விட்டு இறங்கி நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் முடிகிற பூங்கா அது. மாராவில் இதை நினைத்துப் பார்க்கவே முடியாது. மூன்று நாள் ஒரே புல்வெளியைப் பார்ப்பதைவிட, ஏரி, மலை, பாறை என்று மாறி மாறிப் பார்த்தது எங்கள் குழந்தைகளுக்குப் பிடித்தது.

வாழ்க்கையில் ஒருமுறை கடன் வாங்கிப் போகிற நடுத்தரக் குடும்பத்திடம் "இரண்டு இடம் போதும்" என்று சொல்வது எளிது. அவர்களுக்கு அடுத்த முறை கிடையாது.

நைரோபிக்காரன்:

கடலோடி, ஹெல்ஸ் கேட் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. குழந்தைகளுக்கு அதைவிட நல்ல பூங்கா கிடையாது. முதுகுவலி உள்ள பெரியவர் இல்லாத குடும்பம் என்றால் நானும் நைவாஷாவைச் சேர்த்திருப்பேன்.

அடுத்த முறை இல்லாதவர்களுக்குத்தான் நான் இடத்தைக் குறைக்கச் சொல்கிறேன். மாராவில் வெளிநாட்டவருக்கு நாளொன்றுக்குக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். பிள்ளைக்கு 50. வைகைக்கரை குடும்பத்துக்கு ஆகஸ்ட்டில் ஒரு நாளைக்கு 650 டாலர். அந்தச் சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரைதான் செல்லும். மதியம் மூன்று மணிக்கு நகுருவிலிருந்து களைத்து வந்து சேர்ந்து உள்ளே நுழைந்தால், 650 டாலருக்கு மூன்று மணி நேரம். இப்படிக் காசு போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இப்போது பையனின் ஆசைக்கு வருகிறேன். ஆற்றைக் கடப்பதற்குத் தேதி கிடையாது. தான்சானியாவின் செரங்கெட்டியும் மாராவும் சேர்ந்த வெளியில் சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட், மழையையும் புல்லையும் பின்தொடர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஜூலைக் கடைசி முதல் அக்டோபர் வரை அவற்றில் ஒரு பகுதி மாரா ஆற்றின் இரு கரையிலும் இருக்கும். ஒரே கூட்டம் இன்று வடக்கே போகும், நாளை தெற்கே திரும்பும், தூரத்தில் மின்னல் அடித்தால் மறுபடி மனம் மாறும். கரையில் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். முதல் மிருகம் தண்ணீரை மோந்து பார்க்கும். நாலு மணி நேரம் அப்படியே நின்றுவிட்டு, ஒரு வரிக்குதிரை மிரண்டதும் எல்லாம் திரும்பிப் போய்விடும். இதை முழுசாக அனுபவிக்க நாள் வேண்டும், பொறுமை வேண்டும். இரண்டு இரவுத் திட்டத்தில் ஓட்டுநருக்கு இருக்கும் அழுத்தம் என்ன தெரியுமா? "இன்னிக்கே காட்டிடுப்பா." அவர் என்ன செய்வார், எல்லா வண்டிகளோடும் போய்க் கரையில் முட்டிக்கொண்டு நிற்பார்.

ஆகஸ்ட்டில் ஒரே துறையில் ஐம்பது அறுபது வண்டி நிற்பது வழக்கம். கூட்டம் இறங்கத் தொடங்கியதும் எல்லாம் ஒன்றாகப் பாய்ந்து முன்வரிசைக்குப் போகும். சில சமயம் அவை இறங்க வேண்டிய சரிவையே வண்டிகள் அடைத்துக்கொள்ளும். அப்போது மிருகங்கள் பக்கத்துச் செங்குத்தான கரையிலிருந்து குதிக்கும், கால் முறியும். 2025-ல் தான்சானியப் பக்கத்துக் கரையில் ஆட்கள் வண்டியை விட்டே இறங்கி ஓரத்தில் நின்று, வந்த கூட்டத்தைத் தடுத்த காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. நாம் ஆசைப்பட்டுப் பார்க்கப் போவதை நம் ஆசையாலேயே கெடுப்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம். பையனுக்கு இதைச் சொல்லிக் கூட்டிவாருங்கள். 11 வயதில் நன்றாகப் புரியும்.

தேன்சிட்டு, கோவை:

ஆத்தைப் பத்தி ஒண்ணு சேர்த்துக்கறேன். டிவியில முதலை கவ்வறதை மட்டும் காட்டுவாங்க. உண்மையில பெரிய சாவு முதலையால இல்லைங்க. வெள்ளம், நெரிசல், ஏற முடியாத கரை இதனாலதான் கூட்டங்கூட்டமா மூழ்கிப் போகுது. 2001-லருந்து 2015 வரைக்கும் கணக்கெடுத்த ஆய்வுல, வருஷத்துக்குச் சராசரியா 6,000-க்கு மேல வில்டபீஸ்ட் அந்த ஆத்துல மூழ்கறதா வந்துச்சு. அந்த உடல்கள்தான் ஆத்துக்கே சோறு. பாறுன்னு சொல்ற பிணந்தின்னிக் கழுகுகளும் மராபூ நாரைகளும் வந்து தின்னும், மீனுங்க தின்னும், எலும்பு வருஷக்கணக்கா கரைஞ்சு தண்ணிக்குச் சத்து குடுத்துக்கிட்டே இருக்கும்.

கடக்கறதைப் பார்க்க முடியாமப் போனாக்கூட, ரெண்டு நாள் கழிச்சு அந்தத் துறைக்குப் போங்க. வண்டியே இருக்காது. நூத்துக்கணக்குல பாறுகள் இருக்கும். நம்ம மாயாற்றுப் பள்ளத்தாக்குல மிச்சமிருக்கற பாறுகளை எண்ணி எண்ணிக் காப்பாத்திக்கிட்டு இருக்கறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய காட்சின்னு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம்ம ஊர்ல மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து அழிச்சுது. அங்க சிங்கத்துக்கு வைக்கற விஷத்துல பாறுகள் சாகுது.

வல்வையான்:

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில இருக்கிறன். நாங்கள் மாராவுக்குப் போனது செப்ரெம்பரில. இலங்கையில யால பூங்காவின்ர முதலாம் வலயத்தில சிறுத்தை ஒண்டு மரத்தில இருக்குதெண்டு சொன்னா ஜீப் எல்லாம் ஒரே ஒழுங்கையில வந்து அடைச்சு, முன்னுக்கும் போகேலாமல் பின்னுக்கும் வரேலாமல் நிக்கும். அதைப் பார்த்து மனம் நொந்து போன ஆள் நான். மாராவிலயும் அதுதான் எண்டு கேள்விப்பட்டதால, நாங்கள் அரச காப்பகத்துக்கு உள்ளுக்கை தங்கேல்லை. அதோட ஒட்டியிருக்கிற மசாய் ஆக்களின்ர காணியில இருக்கிற தனிக் காப்பகத்தில தங்கினனாங்கள். நபோய்ஷோ, ஒலாரே மொட்டொரொகி, மாரா நோர்த் எண்டு கனக்க இருக்குது.

வித்தியாசம் என்னெண்டா, அங்க தங்கிற ஆக்கள் மட்டும்தான் உள்ளுக்கை வரலாம். ஒரு விலங்கைச் சுத்தி ஐஞ்சு வாகனத்துக்கு மேல நிக்க விடமாட்டினம். இரவிலயும் போகலாம், காலையில மசாய் வழிகாட்டியோட நடக்கலாம். ஒரு சிவிங்கிப்புலி தன்ர மூண்டு குட்டியோட இருந்ததை நாங்கள் ஒரே ஒரு வாகனமா நிண்டு பாத்தம். அது வேட்டைக்குப் போய், பிடிக்கேலாமல் திரும்பி வந்து, குட்டியளுக்குப் பக்கத்தில படுத்திட்டுது. இயந்திரத்தை நிப்பாட்டிப்போட்டு இருந்தம். ஒருத்தரும் எங்களை எழும்பிப் போங்கோ எண்டு அவசரப்படுத்தேல்லை.

காசு கூடத்தான். ஆனா மூண்டு நாள் அங்க நிண்டு, ஒரே ஒரு நாள் மட்டும் அரச காப்பகக் கட்டணம் கட்டி ஆற்றுக்குப் போய் வரலாம். எல்லா நாளும் 650 டொலர் கட்டத் தேவையில்லை. கணக்குப் பாருங்கோ, பெரிய வித்தியாசம் வராது.

செம்மண்பூமி:

இங்கே யாரும் கேட்காத கேள்வி ஒன்று. ஆட்களைக் கட்டுப்படுத்தி, பணக்காரப் பயணிகளுக்கு மட்டும் திறந்துவிடும் நிலம் என்றால் அது மசாய் மக்களுக்கு என்ன நன்மை? 1904-லும் 1911-லும் பிரிட்டிஷார் ஒப்பந்தம் என்ற பெயரில் அவர்களைப் பிளவுப் பள்ளத்தாக்கிலிருந்தும் லைகிபியாவிலிருந்தும் வெளியேற்றினார்கள். நல்ல மேய்ச்சல் நிலம் வெள்ளையர் பண்ணைகளுக்குப் போனது. பிறகு பூங்கா என்றும் காப்பகம் என்றும் மிச்சத்திலும் ஒரு பகுதி போனது. இப்போது தனிக் காப்பகம். மாட்டை எங்கே கொண்டுபோய் மேய்ப்பார்கள்? சுற்றுலா போகும் நாம் இதைக் கேட்காமல் இருக்கலாமா?

நைரோபிக்காரன்:

கேட்டே ஆக வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மாராவைச் சுற்றிய நிலம் ஒருகாலத்தில் கூட்டு மேய்ச்சல் நிலமாக இருந்தது. பிறகு அது குடும்பங்களுக்குத் தனித்தனிப் பட்டாவாகப் பிரிக்கப்பட்டது. பட்டா வந்ததும் வேலி வந்தது. வேலி வந்ததும் விலங்குகளின் வழி அறுந்தது. செரங்கெட்டிக் கூட்டத்தைத் தவிர, கென்யாவுக்குள்ளேயே லோய்தா சமவெளிக்கும் மாராவுக்கும் இடையே நடமாடும் இன்னொரு வில்டபீஸ்ட் கூட்டம் உண்டு. 1970களின் கடைசியில் அது ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது. இப்போது அதில் சிறு பங்குதான். அந்த அழிவுக்கு வேட்டையைவிட வேலியும் கோதுமை வயலும்தான் பெரிய காரணம்.

தனிக் காப்பகங்கள் 2005 வாக்கில் தொடங்கியது இந்த நிலைமையில். பட்டாதாரர்கள் பலர் சேர்ந்து நிலத்தைப் பயணிகள் தங்கும் முகாம்களுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். குத்தகைப் பணம் விலங்கு வந்தாலும் வராவிட்டாலும் வங்கிக் கணக்குக்குப் போகிறது. நிலம் அவர்களுடையதாகவே இருக்கிறது. பதிலுக்கு வேலி போடுவதில்லை, விற்பதில்லை. பல இடங்களில் முறைவைத்து மாடு மேய்க்கவும் விடுகிறார்கள்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில், அதனால் பெண்களுக்குப் பணம் நேராகப் போவதில்லை. நிலமே கிடைக்காத குடும்பங்களுக்கு இதில் பங்கில்லை. 2020-ல் தொற்றுக்காலத்தில் பயணிகள் நின்றதும் பல இடங்களில் குத்தகையைக் குறைத்தார்கள். முழு வாழ்வாதாரமும் நம்மைப் போன்றவர்கள் விமானம் ஏறுவதை நம்பியிருப்பது ஆபத்துதான்.

ஆனால் அந்தப் பணம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2015 டிசம்பரில், சிங்கங்கள் மாட்டைக் கொன்ற கோபத்தில் மேய்ப்பவர்கள் இறைச்சியில் விஷம் வைத்தார்கள். மாராவின் புகழ்பெற்ற மார்ஷ் சிங்கக் கூட்டத்தில் சில அதைத் தின்று செத்தன. தேன்சிட்டு சொன்ன பாறுகளும் இப்படித்தான் சாகின்றன. மாடு என்பது அந்தக் குடும்பத்தின் வங்கி இருப்பு. ஒரே இரவில் மூன்று மாடு போனால் யாருக்கும் கோபம் வரும். சிங்கம் உயிரோடு இருப்பதால் அந்தக் குடும்பத்துக்கு மாதாமாதம் ஏதாவது கிடைக்க வேண்டும். அதற்கு இதைவிட நல்ல வழியை நான் இதுவரை பார்க்கவில்லை. அதனால் வைகைக்கரை, முகாம் தேர்ந்தெடுக்கும்போது நேராகக் கேளுங்கள்: குத்தகை யாருக்குப் போகிறது, எத்தனை குடும்பம், வழிகாட்டிகள் உள்ளூர்க்காரர்களா? நல்ல முகாம்கள் உடனே பதில் சொல்லும்.

மழைப்பாதை, திருநெல்வேலி:

எல்லாரும் மாராவிலேயே நிற்கிறீர்கள். கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்காக த்சாவோ பூங்கா பற்றி எழுதுகிறேன். இந்த இழையைப் பிறகு வேறு யாராவது தேடி வந்து படிப்பார்கள்.

2017-ல் திறந்த புதிய ரயில் நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு த்சாவோவின் நடுவே போகிறது. இடை நிலையங்களில் நிற்கும் ரயிலில் ஏறி வோய் நிலையத்தில் இறங்கினால், பூங்கா வாசல் பக்கத்தில்தான். தண்டவாளம் மண்மேட்டின் மேல் உயரத்தில் போகிறது. அடியில் யானைகள் கடக்க வழி விட்டிருக்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ரயிலிலிருந்தே யானை பார்க்கலாம். வோயில் ஏற்கெனவே பேசிவைத்த வண்டி வந்து அழைத்துப் போகும்.

த்சாவோ கிழக்கு மட்டும் 13,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். மேற்கு 9,000-க்கு மேல். இரண்டும் 1948-ல் ஒரே பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. யானைகள் செம்மண் புழுதியைப் பூசிக்கொண்டு செங்கல் நிறத்தில் இருக்கும். இந்த யானைகளின் கதை கொடுமையானது. 1970களின் தொடக்கப் பஞ்சத்தில் ஆயிரக்கணக்கில் செத்தன. அதற்குப் பிறகு தந்த வேட்டை. 1980களின் கடைசியில் ஆறாயிரத்துக்குக் கீழே போய்விட்டது. 1989-ல் அதிபர் மோய் நைரோபிப் பூங்காவில் 12 டன் தந்தத்தைக் கொளுத்தியது இந்தச் சூழலில்தான். இன்று த்சாவோ வட்டாரத்தில் 15,000 வரை மீண்டு வந்திருக்கின்றன. 2021 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 36,280.

மேற்கில் ம்ஸிமா ஊற்றைத் தவறவிடாதீர்கள். சியூலு குன்றுகளின் எரிமலைப் பாறைக்குள் இறங்கிய மழைநீர், வறண்ட காட்டு நடுவே கண்ணாடித் தண்ணீராகப் பொங்குகிறது. மொம்பாசாவின் குடிநீரில் ஒரு பங்கு அங்கிருந்து குழாயில் போகிறது. தண்ணீருக்கு அடியில் ஒரு சிறு அறை கட்டியிருக்கிறார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்யானை அடியில் நடப்பதை அங்கிருந்து பார்க்கலாம், மீன்களை எப்போதும் பார்க்கலாம்.

பழைய ரயில்பாதை போட வந்தவர்கள் நம் நாட்டுக்காரர்கள். 1896-க்கும் 1901-க்கும் இடையில் ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து. சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்துபோனார்கள். 1898-ல் த்சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போது இரண்டு பிடரியில்லாச் சிங்கங்கள் கூடாரங்களுக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப் போனதை உலகமே பேசுகிறது. நோயிலும் விபத்திலும் செத்த மற்றவர்களை யாரும் பேசுவதில்லை. அந்தப் பாலத்தின் பக்கம் போகிறவர்கள் அவர்களையும் நினைக்க வேண்டும் என்பது என் ஆசை.

த்சாவோவின் குறையையும் சொல்லிவிடுகிறேன். புதர் அடர்த்தி, பரப்பு பெரிது. மாரா போல வளைவுக்கு வளைவு சிங்கம் தெரியாது. ஆனால் அரை நாள் சுற்றினாலும் எதிரே இரண்டு வண்டிதான் வரும்.

வைகைக்கரை, மதுரை:

இவ்வளவு எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து வாசித்தோம். செம்மண்பூமி கேள்வியையும் அதன் பதிலையும் அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். இரண்டு சந்தேகம்: மஞ்சள் காய்ச்சல் ஊசி அம்மாவுக்குப் போடலாமா? சைவச் சாப்பாடு காட்டுக்குள் உண்மையிலேயே கிடைக்குமா?

இலுப்பைப்பூ:

நான் பொது மருத்துவர். ஊசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கென்யா போய் இந்தியா திரும்புகிறவரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இருக்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்று செல்லுபடியாகும். இல்லையென்றால் இங்கே விமான நிலையத்திலிருந்து ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டும்தான் போட வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. முன்பதிவு, கூட்டம் இரண்டும் உண்டு. கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

உங்கள் அம்மாவுக்கு 67 என்பதால் ஒரு எச்சரிக்கை. இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. 60 வயதுக்கு மேல் முதல்முறை போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். அரிதுதான், ஆனால் உண்டு. அதனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் போய், சாப்பிடும் மாத்திரைகள், பழைய நோய்கள் எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர், முட்டை ஒவ்வாமை உள்ளவர் கட்டாயம் சொல்ல வேண்டும். மலேரியா மாத்திரையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடலோடி:

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். கென்யாவில் நாலைந்து தலைமுறையாக குஜராத்திகள் இருக்கிறார்கள். 2017-ல் அரசாங்கமே இந்திய வம்சாவளியினரை நாட்டின் 44-வது இனமாக அறிவித்தது. முகாம் சமையல்காரர்களுக்குப் பருப்பும் சப்பாத்தியும் புதிதில்லை. முன்கூட்டியே எழுதிச் சொன்னால் போதும். உள்ளூர்ச் சாப்பாட்டிலும் சைவம் நிறைய: உகாலி, சுகுமா விக்கி கீரை, சோளமும் பீன்ஸும் வேகவைத்த கிதேரி.

அப்புறம், அம்மாவின் முதுகை வைத்துப் பார்த்தால் நைரோபிக்காரன் சொல்வது உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துகிறது. அங்கே நான் வாதாடவில்லை. ஆனால் இளம் குடும்பங்களுக்கு ஹெல்ஸ் கேட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வைகைக்கரை, மதுரை:

ஏஜென்டிடம் திட்டத்தை மாற்றச் சொல்லிவிட்டோம். நைரோபி 1, அம்போசெலி 2, மாராவை ஒட்டிய தனிக் காப்பகம் 3. நகுருவும் நைவாஷாவும் இல்லை. அம்போசெலிக்குச் சாலையில் போகிறோம். அங்கிருந்து மாராவுக்குச் சாலையில் பத்து மணி நேரம் ஆகும் என்பதால், சிறு விமானத்தில் நைரோபியின் வில்சன் விமான நிலையம் வந்து, அங்கிருந்து மாரா. முன்பு சொன்ன தொகையைவிடக் கொஞ்சம் கூடுகிறது. அதற்காக மனைவியும் நானும் புது கேமரா வாங்குவதை விட்டுவிட்டோம்.

கடைசி நாள் இரவு விமானம். நைரோபியில் அரை நாள் இருக்கிறது, என்ன செய்யலாம்? ஓட்டுநர், வழிகாட்டியிடம் முதலிலேயே என்ன பேசிக்கொள்ள வேண்டும்?

தேன்சிட்டு, கோவை:

ரொம்பச் சந்தோஷங்க. சின்ன விமானத்துல ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மெத்துன்னு இருக்கற துணிப் பை. சக்கரம் வச்ச கெட்டிப் பெட்டியை நைரோபி ஹோட்டல்ல வச்சிட்டுப் போங்க. ஆகஸ்ட் காலை அஞ்சு மணிக்கு மாரா குளிரும், ஊட்டிக்கு எடுக்கற ஸ்வெட்டரை எடுங்க. கருநீலம், கறுப்பு உடுப்பு வேண்டாம், செட்ஸி ஈ அதைத்தான் தேடி வரும். பிளாஸ்டிக் பை ஒண்ணுகூட வேண்டாம். 2017-லருந்து நாடு முழுக்கத் தடை, 2020-லருந்து பூங்காக்களுக்குள்ள ஒருமுறை பயன்படுத்தற தண்ணி பாட்டிலும் கூடாது. எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்க.

நைரோபிக்காரன்:

அரை நாளுக்கு நைரோபிப் பூங்கா போதும். 1946-ல் தொடங்கிய நாட்டின் முதல் பூங்கா, 117 சதுர கிலோமீட்டர். பின்னால் நகரத்துக் கட்டடங்கள் தெரிய, முன்னால் கறுப்புக் காண்டாமிருகம் மேயும். அங்கே யானை கிடையாது. அதை அம்போசெலியில் நிறையப் பார்த்திருப்பீர்கள். தெற்கு எல்லையில் வேலி இல்லை. அதனால் சிங்கங்கள் கிடெங்கெலா பக்கத்து மாட்டுத் தொழுவங்களுக்குப் போய்விடும். அந்தப் பக்கத்து மசாய் சிறுவன் ரிச்சர்ட் துரேரே, கிட்டத்தட்ட உங்கள் மகன் வயதில், பழைய பேட்டரியையும் சிறு பல்புகளையும் வைத்து மாறி மாறி மின்னும் விளக்கு செய்து தன் அப்பாவின் தொழுவத்தைச் சுற்றிக் கட்டினான். யாரோ டார்ச்சோடு நடக்கிறார்கள் என்று சிங்கங்கள் ஒதுங்கிப் போயின. பிறகு பல ஊர்களில் அதைக் கட்டினார்கள். பூங்காவுக்குள் போகும்போது மகனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

வழிகாட்டியிடம் முதல் நாளே, வண்டியில் ஏறுவதற்கு முன் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. விலங்குக்குப் பக்கத்தில் இயந்திரத்தை அணையுங்கள். தடம் இல்லாத இடத்தில் எங்களுக்காக வண்டியை இறக்க வேண்டாம். ஒரு சிங்கத்தைச் சுற்றி நெரிசல் என்றால் எங்களை வேறு பக்கம் கூட்டிப் போங்கள், நாங்கள் கோபப்பட மாட்டோம். இது மூன்றையும் உங்கள் வாயால் கேட்டால் அவர்கள் முகமே மாறும், ஏனென்றால் பெரும்பாலான பயணிகள் எதிர்மாறாகக் கேட்கிறார்கள். ஆற்றுக்குப் போகும் நாளில் "கடந்தால் இவ்வளவு தருகிறேன்" என்று மட்டும் பேசாதீர்கள். அன்பளிப்பைக் கடைசி நாளில், மொத்த உழைப்புக்குக் கொடுங்கள். ஆற்றங்கரையில் தள்ளியே நிறுத்தச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து பைனாகுலரில் முழுக் கூட்டமும் தெரியும்.

அம்மாவுக்கு: பின்வரிசைதான் அதிகம் தூக்கிப் போடும். நடுவரிசை இருக்கையை அவருக்கென்று வைத்துவிடுங்கள், இடுப்புக்கு ஒரு சிறு தலையணை. அம்போசெலியில் இரண்டு இரவு இருப்பதால் முதல் மாலை அவர் அறையில் ஓய்வெடுத்தாலும் பரவாயில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேல் சதுப்பு ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே இருங்கள். எங்கும் போக வேண்டாம், யானைகள் அந்தப் பக்கம்தான் வரும்.

காப்பகத்தில் மூன்று நாளும் ஒரே வண்டி, ஒரே வழிகாட்டி, வேறு குடும்பத்தோடு சேர்க்கமாட்டோம் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கென்யா நுழைவு அனுமதிக்கு இணையத்தில் இப்போதே விண்ணப்பிக்கலாம். 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதில் அதுதான். பையனுக்கும் தனியாகப் போட வேண்டும்.